கலிங்கு மேட்டில் வீசிய துண்டு

சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்புகிற மனுஷன் என்ன கொண்டு வருவார்? தங்கம் கொண்டு வருவார். டிவி கொண்டு வருவார். கோடாலித் தைலம், சென்ட் பாட்டில், சாக்லேட், கைலி என்று எதையாவது சுமக்காமல் ஆவூரில் யாரும் வந்து இறங்கியதில்லை. அடைக்கலசாமி சைக்கிள் கொண்டு வந்தார். அதுவும் ஓட்டிப் பழசான சைக்கிள். சக்கரம் தனி, சட்டம் தனி என்று கழற்றி அட்டைப்பெட்டியில் கட்டி, விமானத்தில் ஏற்றி, திருச்சியில் இறக்கி, ஆட்டோவின் தலையில் போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார்.

பெட்டியைப் பிரிக்கும்வரை அது பெரிய டிவி என்றே அவர் மனைவி ஆரோக்கியம்மாள் நம்பிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்து சக்கரம் வெளியே வந்ததும் அந்த அம்மாளுக்குப் பேச்சே வரவில்லை. வந்தபோது நன்றாகவே வந்தது.

"ஏங்க, சைக்கிளு நம்ம கீரனூர்ல கெடைக்காதா? அதுக்கா பிளேன்ல டிக்கெட் போட்டு கூட்டியாந்தீங்க?"

"இது வேற சைக்கிளு."

"என்ன வேற? கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல, பெல்லு இல்ல. ஒரு படி அரிசி வைக்க எடம் இல்ல. சீட்டப் பாரு, வெத்தல மாதிரி. இதுல மனுசன் ஒக்கார முடியுமா?"

மனுஷன் உட்கார்ந்தார். மறுநாள் விடியற்காலையிலேயே உட்கார்ந்து கிளம்பிவிட்டார். தொடையோடு ஒட்டிய கறுப்பு டவுசர், தலையில் ஹெல்மெட், கழுத்தில் ஒரு வெள்ளைத் துண்டு. சிங்கப்பூரில் வேலை செய்கிற நம் ஆட்கள் தோளில் போடுகிற, ஓரத்தில் சிவப்பு எழுத்துப் போட்ட துண்டு அது. வேர்வை துடைக்க அது இல்லாமல் அவர் எங்கும் போகமாட்டார். அந்தத் துண்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதுதான் வினையை இழுத்துவிடப் போகிறது.

பொம்பளைகள் சைக்கிள் ஓட்டுவது இந்த மாவட்டத்தில் ஒரு சேதியே இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்துப் போகிறவர்களை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் ஐம்பதைத் தொடப்போகிற ஆம்பளை ஒருத்தர் ஒட்டு டவுசர் போட்டுக்கொண்டு குனிந்தபடி பறந்தால் பார்க்காமல் இருப்பார்களா? ஒரே வாரத்தில் அவர் 'டவுசர் சாமி' ஆகிவிட்டார். டீக்கடையில் பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிரிக்கிறவனுக்கு அந்தக் காலைப்பொழுதைப் பற்றி என்ன தெரியும்?

அவருக்கு இந்தச் சைக்கிள் பைத்தியம் பிடித்த கதை இதுதான். சிங்கப்பூரில் அவர் லாரி ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை விடியலில் கம்பெனிச் சாமானை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ஒரு நீர்த்தேக்கத்தின் கரையோரமாக வரிசை வரிசையாய்ச் சைக்கிள்கள் போகும். கிழவர், கிழவி, சின்னப் பெண்கள், எல்லாருமே. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மிதிப்பார்கள். லாரியை ஓரங்கட்டிவிட்டு இவர் வேடிக்கை பார்ப்பார். ஒருநாள் மனசுக்குள் ஒரு எண்ணம் பளிச்சென்று வந்தது. இது ஒரே ஒரு ஏரி, அதற்கே இவ்வளவு பவுசு. நம்ம ஊரில் திரும்பின பக்கமெல்லாம் கண்மாய், குளம், ஊருணி. அந்தக் கரைமேல் ஒருத்தன் சைக்கிளை விட்டால் எப்படி இருக்கும்! அவருடைய சூப்பர்வைசர் புதுச் சைக்கிள் வாங்கியபோது பழசை இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். அதுதான் பிளேனில் வந்தது.

ஊருக்கு வந்தபின் ஒவ்வொரு கரையாக ஏறி இறங்கினார். ஆவூர் மாதா கோயில் வாசலில் கிளம்பி, குளத்தூர்ப் பக்கம் போய், நார்த்தாமலைப் பாறைகளைச் சுற்றி, அன்னவாசல் வழியாகக் குடுமியான்மலை, அங்கிருந்து இலுப்பூர் தொட்டுத் திரும்ப ஆவூர். முடிந்தவரை தார்ரோடு, நடுநடுவே கரைமேல் போட்ட சிமெண்டு ரோடு. மழை கொட்டிய வருஷத்தில் அந்தச் சுற்றில் போய்ப் பாருங்கள். இடதுபக்கம் தண்ணீர் முடிந்தால் வலதுபக்கம் தண்ணீர் தொடங்கும். நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அல்லி பூத்துக் கிடக்கும். ஒரு திருப்பத்தில் குடுமியான்மலை தண்ணீருக்கு அந்தப்பக்கம் எழுந்து நிற்கும், அதே மலை தண்ணீருக்குள்ளும் தலைகீழாய்க் கிடக்கும். அந்த இடத்துக்கு வந்தால் அடைக்கலசாமி எப்போதும் மிதிப்பதை நிறுத்திவிடுவார். கருவேல முள் குத்திப் பஞ்சராவதும் உண்டுதான். அவர் அதற்கும் அசரவில்லை, பையில் ட்யூப் வைத்திருந்தார்.

திருச்சியில் ஒரு சைக்கிள் கிளப் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு பெரிய ரைடு நடத்துவார்கள், எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். அடைக்கலசாமி போய் அதில் சேர்ந்தார். அடுத்த ரைடுக்கு எந்த ரூட்டு என்று பேச்சு வந்தபோது, எழுந்து நின்று தன் கண்மாய்ச் சுற்றைச் சொன்னார். ஒவ்வொரு கண்மாயையும் பேர் சொல்லிச் சொன்னார். அவ்வளவு ஆசை.

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் சூர்யபிரகாஷ் என்ற பையன்தான் கிளப்பிலேயே வேகமான ஆள். அவன் சிரித்துக்கொண்டே கேட்டான்.

"புதுக்கோட்டையா? அங்க என்னண்ணா இருக்கு? பொட்டக்காடு, கருவேல முள்ளு. டயர்தான் கிழியும். தப்பா எடுத்துக்காதீங்க, ஏற்காடே போயிருவோம்."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது? அடைக்கலசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. கிளப்பின் கேப்டன் கார்த்திகா அவர் முகத்தைப் பார்த்துவிட்டார். பேங்கில் வேலை, நியாயமான பொம்பளை.

"அண்ணே, பேசி என்ன ஆகப்போவுது? ஒரு ஞாயித்துக்கெழம நாங்க கொஞ்சப்பேரு வந்து ஓட்டிப் பாக்குறோம். புடிச்சிருந்தா ஒங்க ரூட்டு. இல்லன்னா ஏற்காடு. சரியா?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது அடைக்கலசாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கறுவினார். ஒரே ஒரு ஞாயிறு. அன்றைக்கு இவர்கள் வாயால் "அடேங்கப்பா" என்று சொல்ல வைக்காவிட்டால் இந்தச் சைக்கிளைப் பரண்மேல் போட்டுவிடுகிறேன் என்று மாதாவிடம் சொல்லிவிட்டார். பொட்டக்காடாம்! எங்கள் ஊரைப் பொட்டக்காடு என்று சொல்ல இவன் யார்?

குறித்த நாள், சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு. தவக்காலம் தொடங்கினால் ஆரோக்கியம்மாள் வீட்டில் நாற்பது நாளும் கவுச்சி கிடையாது. அதனால் சனிக்கிழமை சாயங்காலப் பூசை முடிந்து வந்ததும் அந்த அம்மாள் சொன்னார்:

"தவசுக்கு முந்தி கடைசி ஞாயிறுங்க. வரும்போது நல்ல மீனா பாத்து வாங்கியாங்க."

"கிளப்புக்காரங்களக் கூட்டிக்கிட்டுப் போறவன் மீன் வாங்கவா? என் மானமே அதுல தொங்குது ஆரோக்கியம்."

"மானம் தொங்குனாத் தொங்கட்டும், அந்தப் பக்கத்துல மீனும் தொங்கணும்."

இந்த இடத்தில்தான் ஒரு பிசகு. சுற்றின் நடுவே, அன்னவாசலைத் தாண்டி வேப்பங்குடிப்பட்டி என்று ஓர் ஊர். அங்கே பெரிய கண்மாயில் மீன்பிடித் திருவிழா அடுத்த ஞாயிறு என்றுதான் பேச்சு. வயலுக்குத் தண்ணீர் இறைத்து இறைத்துக் கண்மாய் மளமளவென்று வற்றவும், ஊரில் கூடித் திருவிழாவை ஒரு வாரம் முன்னால் இழுத்துவிட்டார்கள். சனிக்கிழமை இரவே சுற்றுப்பட்டி முழுக்க வாட்ஸ்அப்பில் சேதி பறந்தது. அடைக்கலசாமி போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, விடியலில் எழ வேண்டுமே என்று கோழியோடு படுத்துவிட்டார்.

காலையில் எல்லாம் நன்றாகவே போயிற்று. நினைத்ததைவிடவே நன்றாகப் போயிற்று. ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். நார்த்தாமலைக்குப் பின்னால் வெளிச்சம் வந்தபோது கார்த்திகா சைக்கிளை நிறுத்திப் போட்டோ எடுத்தார். ஒரு ஊருணியைத் தாண்டும்போது யாரோ விசில் அடித்தார்கள். சூர்யபிரகாஷ் மட்டும் எங்கும் நிற்காமல் முன்னால் போய்க்கொண்டே இருந்தான். இருக்கட்டும், குடுமியான்மலைத் திருப்பம் வரட்டும், அப்போது பார்க்கிறேன் என்று அடைக்கலசாமி மிதித்தார்.

வேப்பங்குடிப்பட்டி வந்ததும் அவர் சடாரென்று பிரேக்கைப் பிடித்தார். ரோடே இல்லை. டிவிஎஸ் ஃபிப்டியும், ஷேர் ஆட்டோவும், டிராக்டரும் ஒன்றன்மேல் ஒன்றாய் நின்றன. கரை முழுக்கத் தலைகள். ஆளுக்கொரு ஊத்தா. அடியில்லாத கூடை மாதிரிப் பின்னிய பொறி அது. கலங்கின தண்ணீரில் சடக்கென்று குத்தி, உள்ளே மீன் தட்டினால் மேல்வாய் வழியாகக் கையை விட்டு எடுப்பார்கள். ஆயிரமாயிரம் பேர் கண்மாயைச் சுற்றி நின்றாலும் ஒருத்தர்கூடத் தண்ணீரில் கால் வைக்கவில்லை. வைக்கவும் கூடாது. கரையில் இருக்கிற அய்யனாருக்குச் சாமி கும்பிட்டுவிட்டு, ஊருக்குத் தலைவரான அம்பலம் கலிங்கு மேட்டில் ஏறி வெள்ளைத் துணியை வீசுவார். உபரித்தண்ணீர் வழிந்து போவதற்குக் கட்டிய உயரமான இடம்தான் கலிங்கு, எல்லாக் கரையிலிருந்தும் கண்ணுக்குத் தெரியும். வெள்ளை வீசினால்தான் இறங்கலாம். இது அந்தப் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும்.

அடைக்கலசாமிக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டத்தில் சைக்கிள்கள் சிதறிவிட்டன. முன்னால் போன சூர்யபிரகாஷும் இன்னும் இரண்டு பேரும் திருப்பத்தை விட்டுவிட்டுக் கல்குவாரி ரோட்டில் பறந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் போனால் புழுதியும் ஜல்லி லாரியும்தான், பொட்டக்காடு என்று சொன்னவனுக்குப் பொட்டக்காட்டையே காட்டியது போல் ஆகிவிடும். போன் போட்டால் எடுக்கவில்லை. சைக்கிளைக் கார்த்திகாவிடம் கொடுத்துவிட்டு, எது உயரம் என்று பார்த்தார். கலிங்கு மேடு. விறுவிறுவென்று ஏறி, கழுத்துத் துண்டை உருவி, தலைக்குமேல் வீசு வீசென்று வீசினார்.

"ஏய்ய்! இங்கிட்டு வாங்கப்பா! இங்கிட்டு!"

அட அசட்டு மனுஷா!

அடுத்த நொடி கேட்ட சத்தத்தை அவர் சாகும்வரை மறக்கமாட்டார். நாலு கரையும் சேர்ந்து ஒரே "ஓ!" என்று அலறியது. மொத்தக் கூட்டமும் தண்ணீரில் குதித்தது. கண்மாய் ஒரே சேறாய்க் கொதித்தது. அய்யனார் கோயில் வாசலில் அம்பலம் ஆத்மநாதன், உடைக்காத தேங்காயை ஒரு கையிலும் மடித்த வெள்ளைத் துணியை மறு கையிலும் வைத்துக்கொண்டு, பூசாரி முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சூடம்கூட இன்னும் ஏற்றவில்லை.

சத்தம் கேட்டுத் திரும்பி வந்த சூர்யபிரகாஷ் நடந்ததைப் புரிந்துகொண்டதும் அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணா, யாரும் ஒங்க மூஞ்சியப் பாக்கல. ஏறுங்க, போயிருவோம்."

உண்மைதான், போயிருக்கலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அடைக்கலசாமி நகரவில்லை. இன்றைக்கு ஓடிவிட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு இந்தக் கரையில் சைக்கிளை விடுவது? இந்தக் கரை இல்லாமல் ரூட்டு ஏது? துண்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நேரே அம்பலத்திடம் நடந்தார். ஒட்டு டவுசரோடு வருகிற மனுஷனைப் பார்த்துக் கூட்டம் வழிவிட்டது.

"ஐயா, வீசுனது நாந்தான். கூட வந்தவங்களக் கூப்புட வீசிட்டேன். புத்தி மழுங்கிருச்சு. என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

ஆத்மநாதன் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். டவுசரில் கண் கொஞ்ச நேரம் நின்றது.

"எந்த ஊருப்பா?"

"ஆவூருங்க."

"ஆவூர்க்காரருக்கு வெள்ளை வீசுனா என்னன்னு தெரியாதோ?"

"தெரியுங்க. அதான் நின்னுட்டேன்."

அம்பலம் தேங்காயைப் பூசாரி கையில் கொடுத்தார். பிறகு மைக்கை வாங்கினார். "எல்லாரும் அப்படியே நில்லுங்க! புடிச்ச மீனத் தண்ணியில விடுங்க! சாமிக்கு மொத மீன் வரல!" கண்மாய் முழுக்க முணுமுணுப்பு. பெரிய விரால் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டிருந்த ஒருத்தர் வயிறெரிய அதை விட்டார். அம்பலம் அடைக்கலசாமியிடம் திரும்பினார். "வெள்ளை வீசுனவன்தான் மொதல்ல எறங்கணும், மொத மீனப் புடிச்சு அய்யனார் காலடியில வைக்கணும். எங்க வழக்கம் அது. நீதானே வீசுன? எறங்கு. நீ மீனோட வர்ற வரைக்கும் ஒருத்தரும் ஊத்தா குத்தக் கூடாது. ஒங்க சைக்கிளும் இங்கருந்து நகராது."

யாரோ ஒரு ஊத்தாவைத் தூக்கி எறிந்தார்கள். அடைக்கலசாமி பிடித்துக்கொண்டு இறங்கினார். அவர் ஊத்தாவைத் தொட்டுப் பல வருஷம் ஆகிறது. இடுப்பளவு தண்ணீர், முழங்கால்வரை சேறு. சைக்கிள் ஷூ இரண்டும் புதைந்துகொண்டன. குத்தினார், ஒன்றுமில்லை. இன்னொரு இடத்தில் குத்தினார், ஒரு பாசிக்கொத்து வந்தது. கண்மாய் முழுக்க ஊத்தாவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு ஊரே நின்று, ஒட்டு டவுசர் போட்ட ஒற்றை மனுஷன் மீன் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்படி ஒரு காட்சியை வேப்பங்குடிப்பட்டி அதற்குமுன் கண்டதில்லை.

வெயில் ஏறியது. கரையில் சூர்யபிரகாஷ் வாட்சைப் பார்ப்பதை அடைக்கலசாமி பார்த்தார். பாதிச் சுற்று பாக்கி. குடுமியான்மலைத் திருப்பத்தைக் காலையிலேயே பார்க்க வேண்டும், வெயிலில் பார்த்தால் அந்த அழகு வராது. எல்லாம் போயிற்று. மாதாவே, வீட்டுக்கு மீன்கூட வேண்டாம், கிளப்புக்காரர்கள் இங்கிருந்து கிளம்ப முடிந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டார்.

அப்போது 'தொபுக்' என்று ஒரு சத்தம். கார்த்திகா தண்ணீரில் நின்றார்.

"நில்லுங்கண்ணே, நான் இந்தப் பக்கமிருந்து வெரட்டுறேன்!" என்று ஹெல்மெட்டால் தண்ணீரை அடித்தார்.

அதைப் பார்த்த ஒரு அக்காவுக்குச் சட்டென்று உறைத்தது. "ஏ, எல்லாருமா மீன அந்த மனுசன் பக்கம் வெரட்டுங்கடி! அவரு புடிச்சாத்தான் நம்ம வீட்டுல கொழம்பு!" அவ்வளவுதான். நாலு கரைக் கூட்டமும் கையால் தண்ணீரை அடித்துக்கொண்டு வட்டமாய் நெருங்கியது. வேறு வழி? கெண்டையும் கெளுத்தியும் அடைக்கலசாமியின் காலைச் சுற்றித் துள்ளின. ஆளாளுக்குக் கத்தினார்கள். "இங்கிட்டு!" "அங்கிட்டு!" "குத்துய்யா!" அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் எல்லாரையும்விடப் பெரிதாய்க் கேட்டது.

"அண்ணா! இங்கிட்டு! ஒங்க காலுக்குக் கீழ இங்கிட்டு!"

சூர்யபிரகாஷ்! ஷூவோடு, வாட்சோடு, முழுக்க நனைந்து தண்ணீரில் நின்றான்.

அடைக்கலசாமி குத்தினார். ஊத்தா உள்ளே தட் தட்டென்று அடித்தது. கையை விட்டார், வழுக்கியது, மறுபடி விட்டார், செவுளில் விரல் மாட்டியது. முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினார். இப்போது கேட்ட "ஓ!" முதலில் கேட்டதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது.

அந்த மீன் அய்யனார் காலடிக்குப் போயிற்று. தேங்காய் உடைந்தது, சூடம் எரிந்தது, அம்பலம் கலிங்கு மேட்டில் ஏறி வெள்ளையை வீசினார், ஊர் மீன்பிடித்தது. கிளம்பும்போது சைக்கிள் ஒவ்வொன்றின் ஹேண்டில்பாரிலும் யார் யாரோ மீன் கோத்த பனைநாரைத் தொங்கவிட்டார்கள். விற்கக்கூடாது, அன்றைக்கே குழம்பு வைத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் கண்டிப்பு. வழி முழுக்கக் கவுச்சி வாடை வீச, குடுமியான்மலைத் திருப்பத்துக்கு வந்தார்கள். வெயில் ஏறியிருந்தாலும் மலை தண்ணீருக்குள் இருந்தது. சூர்யபிரகாஷ் காலை ஊன்றி நின்று ரொம்ப நேரம் பார்த்தான்.

"அடேங்கப்பா," என்றான். "அண்ணா, நான் சொன்னத மறந்துருங்க."

"மறக்க மாட்டேன்," என்றார் அடைக்கலசாமி. "ஆனா வாங்க, எங்க வீட்டுல மீன் கொழம்பு சாப்புட்டுட்டுப் போவீங்க."

கார்த்திகா சிரித்தார். "ஏற்காடு எங்கயும் ஓடிப்போவாதுண்ணே. பெரிய ரைடு இங்கதான்."

வீட்டு வாசலில் மீனோடு வந்து நின்ற சைக்கிள் வரிசையைப் பார்த்து ஆரோக்கியம்மாள் கன்னத்தில் கைவைத்தார். "மீன் வாங்கியாங்கன்னா கண்மாயவே தூக்கியாந்துட்டீங்களே! இதுக்குக் கேரியர் இல்லன்னு சொன்னது தப்புத்தான்." அன்றைக்கு அந்த வீட்டில் சட்டி போதாமல் பக்கத்து வீட்டில் வாங்கி வைத்தார்கள்.

அந்தப் பெரிய ரைடுக்கு நாள் குறித்ததே வேப்பங்குடிப்பட்டிதான் என்று சொல்ல வேண்டும். கார்த்திகா நாள் தேடிக்கொண்டிருந்தபோது அம்பலமே போன் செய்தார். "அடுத்த மாசிக்கு எங்க மீன்பிடியும் ஒங்க சைக்கிளும் ஒண்ணா இருக்கட்டும்மா. சனம் கேக்குது." அப்படியே வைத்தார்கள். சைக்கிள்கள் கரை கொள்ளாமல் வந்து நின்றன. சூர்யபிரகாஷ் தன் விலையுயர்ந்த சைக்கிளின் முதுகில் ஒரு ஊத்தாவைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். ஷேர் ஆட்டோவில் முந்தியே வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார் ஆரோக்கியம்மாள்.

சாமி கும்பிட்டு முடிந்தது. ஆத்மநாதன் மைக்கை வாங்கி, "ஆவூர்க்காரரே, மேல வாங்க" என்றார். அடைக்கலசாமி கலிங்கு மேட்டில் ஏறினார், அதே ஒட்டு டவுசர், அதே கழுத்துத் துண்டு. அம்பலம் தன் கையிலிருந்த மடித்த வெள்ளைத் துணியை அவரிடம் நீட்டினார்.

"போன வருசம் கேக்காம வீசுனீங்க. இந்த வருசம் நானே சொல்றேன். வீசுங்க."

அடைக்கலசாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. நாலு கரையும் மூச்சடக்கி அவரையே பார்த்தது. ரோட்டில் சைக்கிள்காரர்கள் ஒரு காலை மிதியில் வைத்து நின்றார்கள். பொட்டக்காடு என்று ஒருத்தன் சொன்ன ஊர் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீரும் சனமுமாய்ப் பளபளத்தது.

அவர் அந்தத் துணியையும் தன் கழுத்துத் துண்டையும் இரண்டு கையிலும் எடுத்தார். ஒன்று மீனுக்கு, ஒன்று சைக்கிளுக்கு. இரண்டையும் சேர்த்து வீசினார்.